நாற்பது வாட் பல்பும் அஞ்சு எச்.பி. மோட்டாரும்

"தம்பி, கரண்டு ஆபீஸ்ல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

தை அறுவடை முடிந்து வயலில் வைக்கோல் கட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வரப்போரமாக வந்து நின்று இப்படிக் கேட்டார் அக்கா. எங்கள் வயலில் நடவு, களையெடுப்பு எல்லாம் அவர் கூட்டி வருகிற செட்டுதான். பேர் வேண்டாம், அக்கா என்றே எழுதுகிறேன். எனக்கு அஞ்சாறு வயது மூத்தவர். வீட்டுக்காரர் போய் எட்டு வருசமாகிறது. வீட்டில் சர்க்கரை வியாதிக்கார மாமியார், திருவாரூர் காலேஜில் படிக்கிற மகள், இவர். மூன்று பேர்.

கூரை வீட்டைப் பிரித்துவிட்டு, அரசு வீட்டுத் திட்டத்தில் காங்கிரீட் வீடு கட்டிக்கொண்டிருந்தார். திட்டப் பணம் போதாமல் மகளிர் குழுவில் கடன் வாங்கி, தோட்டையும் அடகு வைத்து, ஒரு வழியாகக் கூரைத் தளம் போட்டு முடித்தாயிற்று. இனி கரண்டுதான் பாக்கி.

"என்ன வேணும்க்கா?"

"பழைய ஒயரையே புது வீட்டுக்கு இழுத்து விட்டுடச் சொல்லணும் தம்பி. மீட்டரெல்லாம் வேணாம்."

விசயம் புரிந்துவிட்டது. டவுனில் இருக்கிறவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் 'குடிசை கரண்டு' என்று ஒன்று உண்டு. 250 சதுர அடிக்கு மேற்படாத கூரை வீடு, ஓட்டு வீடு, தகர ஷீட் போட்ட வீடுகளுக்கு அரசு கொடுக்கிற இலவச இணைப்பு. முதலில் ஒரே ஒரு பல்பு, அதுவும் 40 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. பிறகு அரசே இலவச டிவி கொடுத்தது, அடுத்து வந்த அரசு மிக்சி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தது. கொடுத்த சாமானை ஓட்ட வேண்டுமே, அதற்காக விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். பெரும்பாலான வீடுகளில் மீட்டர் கிடையாது, பில்லும் கிடையாது. எங்கள் ஊர்க் காலனியில் சிம்னி விளக்கு ஒழிந்தது இந்த ஒற்றை பல்பு வந்த பிறகுதான். அந்தத் திட்டத்தை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் குடிசை போய் காங்கிரீட் வீடு வந்துவிட்டால், மற்ற வீடுகளைப் போல மீட்டர் வைத்த சாதாரண இணைப்புக்கு மாற வேண்டும். இப்போது கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் கட்டுகிற வீடே 360 சதுர அடி. அதாவது குடிசையை ஒழிக்க ஒரு இலாகா பணம் கொடுக்கிறது, அந்த வீடு எழும்பின அன்றைக்கே இன்னொரு இலாகாவின் கணக்கில் அவர் ஏழைப் பட்டியலை விட்டு வெளியே வர வேண்டியிருக்கிறது. கையில் இருந்ததெல்லாம் சிமென்ட்டிலும் கம்பியிலும் போய், கடன் கழுத்து வரைக்கும் நிற்கிற நேரத்தில்.

அக்காவுக்கு இது தெரியும். அதனால்தான் ஆபீசில் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேட்டார்.

"மீட்டர் வச்சா பில்லு வரும்ல? டீக்கடைக்கார அண்ணனுக்கு ரெண்டாயிரம் வருதாம். நான் எங்க போவேன்?"

டீக்கடை வியாபார இணைப்பு. அந்த ரேட்டே வேறு, நூறு யூனிட் சலுகையும் அங்கே கிடையாது. ஆனால் ஊரில் பில் என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது டீக்கடை பில்தான். மத்த வீட்டு பில்லை யார் காட்டப் போகிறார்கள்?

சட்டைப் பையில் உரக்கடை ரசீது ஒன்று இருந்தது. அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். டவுன் நண்பர்களும் ஒருதரம் இதைப் போட்டுப் பாருங்கள்.

எல்.இ.டி. பல்பு நான்கு, தினம் ஆறு மணி நேரம்: இரண்டு மாதத்துக்கு 13 யூனிட். ஒரு ஃபேன், ராத்திரி பத்து மணி நேரம்: 45 யூனிட். டிவி, அஞ்சு மணி நேரம்: 15. மிக்சி, கிரைண்டர், போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து: 7. மொத்தம் 80.

"எண்பது யூனிட்டுக்கு எவ்வளவு தம்பி?"

"ஒண்ணும் இல்லக்கா."

அவர் நம்பவில்லை. 2016 மே 23ஆம் தேதி முதலமைச்சராகப் பதவியேற்ற அன்று ஜெயலலிதா கையெழுத்துப் போட்ட உத்தரவுகளில் ஒன்று, எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது. குடிசைக்கு மட்டுமில்லை, மாடி வீட்டுக்கும் அதே 100 யூனிட். ஆக, அக்கா பயந்து பயந்து பிடித்துக்கொண்டிருந்த அந்தக் குடிசை கரண்டைவிட, அவர் வேண்டாம் என்று ஓடின மீட்டர் கரண்டில்தான் கூடுதல் சலுகை. அங்கே ஒரு பல்பு; இங்கே ஃபேன், டிவி எல்லாம் ஓடியும் பில் பூஜ்யம்.

இதை ஒன்பது வருசமாக அவரிடம் யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் செட்டு என் வயலில்தான் நட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம் கொஞ்சம் தயங்கி இன்னொன்று கேட்டார். "ஒரு சின்ன ஃபிரிட்ஜ் வச்சா?"

மாமியாருக்கு இன்சுலின் ஊசி. அந்த மருந்தை இத்தனை நாளும் மண் சட்டியில் ஈர மணல் போட்டு அதற்குள் வைத்துத்தான் காப்பாற்றி வந்தார். சித்திரை, வைகாசியில் எங்கள் பக்கம் அடிக்கிற வெயிலில் மண் சட்டி எவ்வளவு தாங்கும்? ஃபிரிட்ஜ் வாங்க முடியாமல் இல்லை. தவணையில் வாங்கிவிடலாம். குடிசை கரண்டில் ஃபிரிட்ஜ் போட்டால் பிடித்துவிடுவார்கள் என்ற பயம்தான். அந்தப் பயமும் நியாயமானது. 2003 மின்சாரச் சட்டத்தில் 126ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அனுமதித்த உபயோகத்தைத் தாண்டி கரண்டு எடுத்தால் அதற்குரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடலாம். எப்போதிலிருந்து எடுத்தார் என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்குப் பண்ணலாம். கூலிக்குப் போகிற வீட்டில் இது விழுந்தால் எழுந்திருக்க முடியாது.

சின்ன ஃபிரிட்ஜுக்கு இரண்டு மாதத்தில் ஒரு 35 யூனிட் போட்டோம். மொத்தம் 115. நூறு போக மீதி 15. 2024 ஜூலைக் கட்டணப்படி இந்தப் படியில் யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 பைசா. கூட்டினால் 35 ரூபாய் சொச்சம். இரண்டு மாதத்துக்கு! கோடையில் இன்னொரு ஃபேன் ஓடினாலும் 150 ரூபாய் தாண்டாது.

"இதுக்கா நான் பயந்தேன்?" என்று சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அடுத்த கேள்விதான் உண்மையான கேள்வி.

"கரண்டுல ஏழைங்கற பேரு போயிட்டா, மத்ததுலயும் போயிடுமா தம்பி? ரேஷன், ஆயிர ரூபா?"

பில் பணம் எவ்வளவு என்பது மேலோட்டமான பயம். உள்ளே இருக்கிற பயம் இதுதான். ஒரு பட்டியலில் பேர் அடிபட்டால் வரிசையாக எல்லாப் பட்டியலிலும் அடிபட்டுவிடுமோ என்பது. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. 2023 செப்டம்பரில் ஆரம்பித்த மகளிர் உரிமைத் தொகைக்கு நிபந்தனைகள் இருக்கின்றன. வருமானம் 2.5 லட்சத்துக்குள், நஞ்சை 5 ஏக்கருக்குள் அல்லது புஞ்சை 10 ஏக்கருக்குள், அதோடு வருசத்துக்கு 3,600 யூனிட்டுக்குள் வீட்டு மின்சாரம் என்றெல்லாம் வைத்தார்கள். கரண்டையும் ஆயிரம் ரூபாயையும் முடிச்சுப் போட்டது அரசாங்கம்தானே? அக்காவின் மூளை சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. அவருக்குத் தெரியாதது அந்த 3,600 என்ற எண் மட்டும்தான். அவர் வீட்டுக் கணக்கை வருசத்துக்குப் பெருக்கினால் 700, 800 யூனிட். கால் பங்குகூட வராது. ரேஷன் அரிசிக்கும் மீட்டருக்கும் சம்பந்தமே இல்லை.

இத்தனையும் கேட்டுவிட்டு, "சரி தம்பி, மாத்திடுவோம்" என்றார். அவர் போன பிறகு என் மோட்டார் கொட்டகைப் பக்கம் நடந்தேன். அங்கே நின்றபோதுதான் எனக்கு வெட்கமாகப் போயிற்று.

எனக்கு நாலு ஏக்கர். போர் செட்டில் 5 எச்.பி. மோட்டார். இலவச மின்சாரம். இதற்கும் மீட்டர் இல்லை, பில் இல்லை. மேட்டூர்த் தண்ணீர் நேரத்துக்கு வராத வருசத்தில் குறுவைக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடும். அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 30 யூனிட். அக்கா வீட்டு 40 வாட் பல்பு தினம் ஆறு மணி நேரம் எரிந்தால் ஒரு வருசத்துக்கே 88 யூனிட்தான் ஆகும். அதாவது அவர் ஒரு வருசம் எரித்த கரண்டை என் மோட்டார் மூன்று நாளில் குடித்துவிடும். ஒரு குறுவைக்கு 60 நாள் ஓடினால் 1,800 யூனிட். அந்தக் கரண்டில் அக்கா வீட்டு பல்பு இருபது வருசம் எரியும்.

இப்படி இருக்க, ஊர்க் கூட்டங்களில் நாங்கள் என்ன பேசுகிறோம்? "காங்கிரீட் வீடு கட்டிட்டு இன்னும் ஓசிக் கரண்டு எரிக்கிறாளுவ பாரு." பேசுகிறவர் வீட்டு மோட்டார் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

மோட்டார் கரண்டை விடச் சொல்லி நான் எழுதவில்லை. நெல்லுக்கு விலை சொல்கிற உரிமை எங்கள் கையில் இல்லாதவரை அதை விட முடியாது. யூனிட்டுக்கு ஒரு பைசாவுக்காகப் போராடி 1970 ஜூனில் பெருமாநல்லூர் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் செத்தார்கள். 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசமானது. 2003இல் அதை எடுத்தார்கள். 2004 நாடாளுமன்றத் தேர்தலில் அடி விழுந்ததும் திரும்பக் கொடுத்தார்கள். எடுத்த அந்த ஒரு வருசம் நாங்கள் போட்ட கூச்சல் எங்களுக்கே ஞாபகம் இருக்கும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் உரிமை. அக்கா ஒரு பல்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் அதற்கு வைக்கிற பெயர் ஓசி. வித்தியாசம் கரண்டில் இல்லை. சங்கம் யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதில் இருக்கிறது.

டவுன் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. சலுகையை விடுவது பற்றி நீங்கள் நிறையப் பேசுகிறீர்கள். 2015இல் கேஸ் மானியத்தை விட்டுக்கொடுங்கள் என்று மத்திய அரசு கேட்டபோது ஒரு கோடி பேருக்கு மேல் விட்டுக்கொடுத்தார்கள். நல்ல காரியம். 2022இல் இங்கே கட்டணம் ஏற்றியபோது, 100 யூனிட் இலவசம் வேண்டாம் என்கிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றும் அறிவித்தார்கள். நாலு ஏ.சி. ஓடுகிற வீட்டுக்கும் அந்த 100 யூனிட் போய்க்கொண்டுதான் இருக்கிறது. எழுதிக் கொடுத்தவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. நானும் எழுதிக் கொடுக்கவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் பொய். இந்தப் பதிவை எழுத உட்காரும்வரை யோசித்ததே இல்லை.

வசதியுள்ளவன் விட்டால் தியாகம், போட்டோ போட்டுப் பாராட்டு. அவன் நாளைக்கே மனம் மாறினாலும் அவனுக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஏழை விடும்போது பாராட்டு இல்லை. "ஏன் இவ்வளவு நாள் விடல?" என்ற கேள்விதான். கால் வைக்கிற அடுத்த படி எவ்வளவு உயரம் என்றுகூட அவருக்குச் சொல்வதில்லை.

என் அபிப்பிராயம் இதுதான். குடிசை கரண்டில் இருக்கிறவர்கள் அதை விட்டு வெளியே வருவது அவர்களுக்கே நல்லது. இன்றைய கணக்கில் அது நட்டமே இல்லை. அவர்களைத் தடுப்பது பில் இல்லை. தெரியாமையும், பயமும், மாறுவதற்கு ஆகிற ஒருதரச் செலவும், அலைச்சலும்தான். அதனால் அவர்களுக்கு உபதேசம் வேண்டாம், வழியைச் சுலபமாக்கினால் போதும்.

அக்கா மாறின கதையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பழைய இணைப்பு அவர் மாமனார் பேரில் இருந்தது. மாமனார் செத்துப் பல வருசம். பேர் மாற்ற இறப்புச் சான்று, வாரிசு விவரம், வீட்டு வரி ரசீது, ஆதார். பாதியைத் தேடி எடுக்கவே இரண்டு வாரம். புது வயரிங், மீட்டர் பலகை, மெயின் சுவிட்ச், எர்த், ஷாக் அடித்தால் கட் ஆகிற ஆர்.சி.டி., அப்புறம் டெபாசிட். இதற்கெல்லாம் அவருக்கு ஆன செலவு எத்தனையோ வருசத்து மின் பில்லுக்குச் சமம். நடுவில் ஒருத்தர் "நான் முடிச்சுத் தர்றேன், கொஞ்சம் செலவாகும்" என்று வந்தார். விண்ணப்பத்தை நாங்களே செல்போனில் போட்டதால் அவர் போய்விட்டார். அக்காவின் மகள்தான் போட்டாள். அந்தப் பெண் இல்லாத வீட்டில் அந்த ஆள் சொன்ன தொகைதான் கொடுத்திருப்பார்கள்.

அரசு வீட்டுத் திட்டத்தில் அஸ்திவாரம் முதல் கூரை வரை கட்டம் கட்டமாகப் போட்டோ எடுத்துத்தான் பணம் விடுகிறார்கள். எல்லாக் காகிதமும் அந்தக் கோப்பில் இருக்கிறது. கடைசித் தவணை விடும்போதே மின் இணைப்பையும் அதே கோப்பில் மாற்றிக் கொடுத்தால் என்ன? டெபாசிட்டைத் தவணையில் பிடித்தால் என்ன? பயந்துகொண்டு ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு, "இன்ன தேதிக்குள் தானாக வந்து மாறிக்கொள், பழசைக் கேட்கமாட்டோம்" என்று ஒரு அவகாசம் கொடுத்தால் என்ன? எங்கள் பக்கம் இன்னொன்றும் கேட்போம். 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே ராத்திரியில் எத்தனை வீட்டுக் கூரையைக் கொண்டுபோனது என்று பார்த்தவர்கள் நாங்கள். மேலே ஏறினவர் மறுபடி விழுந்தால் திரும்பி வரவும் ஒரு கதவு வேண்டும். அந்தக் கதவு இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஒருத்தர் தைரியமாக வெளியே கால் வைப்பார்.

அதெல்லாம் வரும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் ஊரில் பங்காளி, ஒன்றுவிட்ட சித்தி, வயலில் வேலை செய்தவர் என்று யாராவது குடிசை கரண்டில் இருந்தால், அடுத்த தடவை போகும்போது ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு பேனாவும் ரசீதின் பின்பக்கமும் போதும். விடு என்று சொல்லாதீர்கள். எவ்வளவு வரும் என்று மட்டும் சொல்லுங்கள்.

அக்கா வீட்டில் மீட்டர் மாட்டி முதல் கணக்கு எடுத்தார்கள். இன்னும் ஃபிரிட்ஜ் வாங்கவில்லை, 71 யூனிட். போனில் வந்த மெசேஜை மகள் படித்துக் காட்டினாளாம். கட்ட வேண்டியது பூஜ்யம். மறுநாள் களையெடுப்புக்கு வந்தபோது அக்கா சொன்னார்:

"பைசா கட்ட வேணாம்னுட்டாங்க தம்பி. ஆனா பில்லு எம் பேருக்கு வந்திருக்கு."

ஐம்பது வயதில் அவர் பேருக்கு வந்த முதல் பில் அது. ஆடிக்கு ஃபிரிட்ஜ் வாங்கப் போகிறார். அப்புறம் முப்பத்தஞ்சு ரூபாய் வரும், கட்டிவிடுவேன் என்கிறார். என் மோட்டாருக்கு இன்னும் பில் கிடையாது.